பின்னாடி பார்த்த சீட்டு

இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. சேவியர் மெதுவா ஓட்டுனா ஒன்றரை. அவன் எங்க மெதுவா ஓட்டுறது, ஏர்போர்ட் சவாரின்னாலே அவனுக்குக் கால் சும்மா இருக்காது. ஏறும்போதே சொல்லிட்டேன், தம்பி, அறுபதைத் தாண்டக் கூடாதுன்னு. கண்ணாடியில என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். "அண்ணே, நீங்களே டிரைவரு, நீங்களே பயந்தா எப்படி?" டிரைவர் பயப்படாம வேற யாருடா பயப்படுறது, பிரேக்கை மிதிச்சா என்ன ஆகும்னு மிதிச்சவனுக்குத்தானே தெரியும். சொல்லல. சொன்னா பேச்சு வளரும், பேச்சு வளந்தா இந்த ஒண்ணேகால் மணி நேரம் அவனோட பேசியே போயிரும். என் இடது பக்கம் என் மக சஷ்டிகா, பதினாலு மாசம், குவைத்துலேருந்து நான் தூக்கிட்டு வந்த சீட்டுல, காரோட பின்கண்ணாடியைப் பார்த்தபடி, தோளுக்கு ரெண்டு வார், இடுப்புக்கு ரெண்டு, கால் நடுவுல ஒண்ணு, அஞ்சும் வயித்துக்கிட்ட ஒரே பக்கிள்ல பூட்டி, ராணியாட்டம் உக்காந்திருக்கா. வலது பக்கம் என் பொண்டாட்டி சுகந்தி, ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டு, மூஞ்சியை எனக்குக் காட்டாம. நடுவுல நான், முழங்கால் ரெண்டும் தாடையில இடிக்கிற மாதிரி. மக கன்னத்துக்கும் என் தோளுக்கும் ஒரு சாண் இருக்காது. அப்படியே தூக்கி மடியில வச்சுக்கணும்னு கை துடிக்குது. மடி சும்மா கிடக்கு, ரெண்டு கையையும் அதுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்ச மாதிரி. மூணு நாப்பதுக்கு ஃபிளைட். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் கழிச்சு வர்றப்ப இவ ஓடுவா, வாய் பேசுவா, மடியில உக்காருடின்னா எதுக்குன்னு கேப்பா. இப்ப எடுத்தாத்தான் உண்டு. ஆனா ஓடுற வண்டியில எடுக்கக் கூடாது. இது யார் போட்ட சட்டம்? நான் போட்டது. நாப்பது நாளா வீட்டுல அத்தனை பேர்கிட்டயும் கத்திக் கத்தி நானே போட்ட சட்டம். அனுபவிடா வீரக்குமார்.

கேட் போட்டிருக்கணும். அதுதான் இப்ப ஒரே வழி. புதுக்கோட்டைக்கு முன்னாடி ஒரு ரயில்வே கேட் இருக்கு, எப்பப் போனாலும் போட்டிருப்பான், ஊர்ல அந்தக் கேட்டைத் திட்டாத ஆள் கிடையாது. ஒரு தடவை கூட்ஸ் வண்டிக்காக இருபத்தஞ்சு நிமிஷம் நின்னிருக்கேன். ஃபிளைட்டுக்குப் போறவன் எவனாவது கேட் போட்டிருக்கணும்னு வேண்டிக்குவானா? நான் வேண்டிக்கிறேன். வண்டி நிக்கும், சேவியர் இன்ஜினை அமத்துவான், சாவியைத் திருப்பின அந்த நிமிஷம் அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கி, ரெண்டு தோளையும் விடுவிச்சு, அள்ளி எடுத்து மடியில. சட்டமும் மீறின மாதிரி இருக்காது. நிக்கிற வண்டி வீடு மாதிரிதான். பத்து நிமிஷம் போதும். கூட்ஸா இருந்தா இருபது. அவளுக்கு ரயில் காட்டலாம், ஒண்ணு ரெண்டுன்னு பெட்டி எண்ணலாம், அவ உச்சந்தலையில மூக்கை வச்சுக்கலாம். "சேவியர், கேட் போட்டிருக்குமா?" "போட்டிருந்தாலும் டயத்துக்குக் கொண்டுபோய் விட்டுருவேண்ணே, கவலைப்படாதீங்க." இவன் வேற.

இந்த சீட்டே நூராவோடது. நூரா என் முதலாளி வீட்டுக் கடைசிப் பொண்ணு. நாலு வருஷமா அந்த வீட்டு வண்டிதான் ஓட்டுறேன், காலையில பள்ளிக்கூடம், மத்தியானம் திரும்பக் கூட்டிட்டு வர்றது, சாயந்தரம் மேடத்தை அவங்க அக்கா வீட்டுக்கு. அங்க சீட்டுல பூட்டாம ஒரு புள்ளையையும் வண்டியில ஏத்த மாட்டாங்க. நூராவுக்கு வார் மாட்டி மாட்டி என் விரல் பழகிருச்சு, கண்ணை மூடிக்கிட்டுப் பூட்டுவேன், காலர் எலும்புக்கிட்ட வாரைக் கிள்ளிப் பார்ப்பேன், கிள்ளுக்கு வரலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். "கூமார், கூமார்"னு கழுத்தைக் கட்டிக்கும் அந்தப் புள்ள. யாரோ பெத்தது. என்னோடது வயித்துல இருக்கும்போதே நான் போயிட்டேன், பிறந்ததை வீடியோவுல பார்த்தேன், குப்புற விழுந்ததை வீடியோவுல பார்த்தேன். ஒருநாள் ரோட்டுல முன்னாடி போன லாரியிலேருந்து ஒரு டயர் உருண்டு விழுந்துச்சு. மிதிச்சேன். முழுசா மிதிச்சேன். வண்டி நின்னுருச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, டயர் தன்பாட்டுக்கு உருண்டு போயிருச்சு. ஆனா நூராவோட தண்ணி பாட்டில் பின்சீட்டுல சும்மா கிடந்தது, அது ரெண்டு சீட்டுக்கு நடுவுல பறந்து வந்து முன்னாடி டேஷ்போர்டுல அடிச்சுது பாருங்க, அந்தச் சத்தம். பிளாஸ்டிக் விரிஞ்சுருச்சு. நூரா தன் சீட்டுல உக்காந்துக்கிட்டு இன்னொரு தடவை பண்ணுன்னு கைதட்டிச் சிரிக்குது. வண்டியை ஓரத்துல போட்டுட்டு மூச்சு விட்டேன். அன்னைக்கு மத்தியானமே சுகந்தி போட்டோ அனுப்புறா. காது குத்துக்குப் போறாங்க, வாடகைக் கார், முன்சீட்டுல இவ, மடியில சஷ்டிகா, பட்டுப்பாவாடை, நெத்தியில பொட்டு, கண்ணாடிக்கும் அவ நெத்திக்கும் ரெண்டு முழம். "முன்னாடி உக்காந்தா ஏசி நல்லா வருதுங்க." பாட்டில் அரைக் கிலோ இருக்கும். என் மக அப்ப ஏழு கிலோ. அந்த போட்டோவை நான் எத்தனை பேர்கிட்ட பெருமையாக் காட்டியிருக்கணும்! ஒருத்தர்கிட்டயும் காட்டல. நூரா பெருசாகி வேற சீட்டு மாறினதும் மேடத்துக்கிட்ட வாயைத் திறந்து கேட்டேன், பழசை நான் எடுத்துக்கட்டுமான்னு. எடுத்துக்கன்னாங்க. அடியில தேதி அச்சடிச்சிருக்கும், அந்த சீட்டுக்கும் ஆயுசு உண்டு, பார்த்தேன், இன்னும் நாலு வருஷம் இருந்துச்சு. மத்தவன் கம்பளி, டிவின்னு கட்டுறான், நான் சீட்டைக் கட்டிக் கொண்டாந்தேன்.

கொண்டாந்து என்ன பண்ணேன்? அதை நினைச்சாத்தான் செவுள்ல அறைஞ்சுக்கலாம் போல இருக்கு. வந்து இறங்குன அன்னைக்கு, இதே சேவியர், இதே வண்டி. ஏர்போர்ட் வாசல்ல சுகந்தி நிக்கிறா, இடுப்புல சஷ்டிகா. முதல் தடவை நேர்ல பார்க்கிறேன். எந்த அப்பனா இருந்தாலும் பெட்டியைப் போட்டுட்டு ஓடிப்போய் வாங்கியிருப்பான். நான் கையை நீட்டினேன், அவ வீல்னு கத்தினா, சரி, புது ஆளு, பழகட்டும்னு நினைச்சுட்டு நேரா வண்டிக்குப் போயி சீட்டை மாட்ட ஆரம்பிச்சுட்டேன். மாட்டுனா பெல்ட்டு வரல. பின்சீட்டு பெல்ட்டு எங்கடான்னா, சேவியர் தலையைச் சொறியிறான், "உள்ள இருக்குண்ணே, கவர் தைக்கிறப்ப அடியில போயிருச்சு, பின்னாடி யாரு போடுறா?" பார்த்தா, பெல்ட்டு செருகுற பக்கிளை உள்ள தள்ளி மேல ரெக்ஸின் கவரை இழுத்துத் தச்சு வச்சிருக்கான். பூப்போட்ட கவர். எங்க ஊர்ல எந்த வாடகைக் காரைத் திறந்தாலும் இதே கதைதான், பெல்ட்டு உறுத்துதுன்னு அதைப் புதைச்சுட்டு மேல மெத்துனு தச்சுருவான். பிளேடு வாங்கியாரச் சொல்லி நானே கவரைக் கிழிச்சேன். சேவியர் மூஞ்சி போன போக்கு! அரை மணி நேரம் வெயில்ல முட்டி போட்டு, வேர்த்து விறுவிறுத்து, பக்கிளைத் தோண்டி எடுத்து, பெல்ட்டை இறுக்கி, சீட்டை ஆட்டிப் பார்த்து, அப்புறம் சஷ்டிகாவை வாங்கி, அவ திமிறத் திமிற அஞ்சு வாரையும் பூட்டினேன். பெத்த அப்பன் முதன்முதலா மகளைத் தொடுறான், தொட்டதும் கட்டிப்போடுறான். ஊர் வர்ற வரைக்கும் அழுதா. சுகந்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தாக்கூட தேவலை. எங்கம்மா சொல்லிருச்சு, வாசல்ல ஆரத்தித் தட்டோட நின்னுக்கிட்டு, "ஏண்டா, கன்னுக்குட்டியா கட்டிப்போட்டுக் கூட்டியார? அதுவும் பொறத்தால பார்த்த மாதிரி! எங்க போறோம்னு புள்ளைக்குத் தெரிய வேணாமா?" வண்டி முட்டுனா, பின்னாடி பார்த்த புள்ளைக்கு முதுகு தாங்கும்மா, முன்னாடி பார்த்தா கழுத்து தாங்காதுன்னு சொன்னேன். அதுக்கு அபசகுனமாப் பேசுறேன்னு ஏச்சு வாங்கினேன்.

நாப்பது நாள்ல எங்கிட்ட அவ வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. வந்தா. முட்டாய் இருந்தா வந்தா. சுகந்தி பக்கத்துல இருந்தா வந்தா. அவ அந்தப் பக்கம் போனா உதடு பிதுங்கும், கண்ணு சுத்தும், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணறதுக்குள்ள அழுகை. அப்பா எங்கடின்னா போனைக் காட்டுவா. நான் இங்க இருக்கேன்டி தங்கம்னா, என்னை ஒரு தடவை பார்த்துட்டுத் திரும்பப் போனைக் காட்டுவா. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிச்சுட்டுக் கிணத்தடிக்குப் போயிருவேன். சீட்டை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டாந்து கூடத்துல வச்சேன், பழகட்டும்னு, அதுல உக்கார வச்சுத்தான் சுகந்தி சோறு ஊட்டினா, அதுலயே மத்தியானத் தூக்கம். டாக்ஸி எடுத்து வெளிய போனது எட்டு தடவை இருக்கும், ஊசி போட ரெண்டு, சொந்தக்காரங்க விருந்து, கோயில். எட்டு தடவையும் நான்தான் பூட்டினேன். சுகந்தி பூட்ட மாட்டா. கத்துக்கடின்னா, "நீங்க இருக்கீங்கல்ல, நீங்களே போடுங்க." நான் போன பிறகுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டா. அதான் எனக்குப் பயம். நேத்து மத்தியானம் பெட்டி கட்டும்போதுகூட கேட்டேன், அடுத்த மாசம் ஊசிக்குப் போறப்ப இதுல வச்சுக் கூட்டிட்டுப் போவியான்னு. சட்டையை மடிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா, "கையில புள்ள, தோள்ல பை, இதை வேற தூக்கிட்டுப் போயி, டிரைவர் மொணமொணங்க, நான் முட்டி போட்டு மாட்டணும். நீங்க அங்கேருந்து போன்ல சட்டம் பேசுவீங்க. அவ என் மடியில இருந்தா எனக்கு நிம்மதி. எனக்கும் மடி இருக்குங்க." அவ மடியை நான் கேள்வி கேக்கலையே. மடிக்கு வார் கிடையாதே, அதத்தானே சொல்றேன். இன்னைக்கு இப்ப நான் எடுத்து மடியில வச்சுக்கிட்டா, திரும்பிப் போற வண்டியிலேயே புள்ள சுகந்தி மடிக்குப் போயிரும், "உங்கப்பாவே எடுத்தாருடி"ன்னு. சீட்டு பரண் மேல ஏறிரும், உள்ள பூசணிக்காய் அடுக்குவாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு டாக்ஸிக்கும் நான் அங்க உக்காந்து அந்த பாட்டில் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்.

சஷ்டிகா கட்டைவிரலைச் சப்புறா. விரலைச் சுத்தி எச்சில் மின்னுது. என் சட்டை பட்டனைப் பார்க்கிறா, என் மூஞ்சியைப் பார்க்க மாட்டா, பட்டன் மேல அப்படி என்ன பிரியமோ. விரலை நீட்டுறேன், பிடிச்சுக்கிறா. பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறா! அசையாம உக்காந்திருக்கேன், தோள் வலிக்குது, வலிக்கட்டும். சுகந்தி திரும்பிப் பார்க்கிறா, நாப்பது நாள் பேசாததெல்லாம் கண்ணுல நிக்குது. "எடுத்து வச்சுக்கங்களேன்." மெதுவாத்தான் சொல்றா. "கடைசி ஒரு மணி நேரம். யாரு பார்க்கப் போறா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." "அண்ணே, நான் அம்பதுல ஓட்டுறேண்ணே, எடுத்துக்கங்க," இது சேவியர், இவனுக்கு முதுகுலயும் காது. இல்ல, கேட் வரட்டும். கேட் வரட்டும்னு சொல்லல, "வேணாம், இருக்கட்டும்"னு மட்டும் சொன்னேன். சுகந்தி திரும்பிக்கிட்டா. கல்லுன்னு நினைச்சிருப்பா. நினைச்சுட்டுப் போகட்டும், இல்ல, நினைக்க வேணாம், அய்யோ சுகந்தி, எனக்கு மட்டும் ஆசை இல்லையா, எம்புள்ளடி அது. திருப்பத்துல புளியமரம் தெரியுது, அது தாண்டினா கேட். பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போற மாதிரி இருக்கு. பிடிச்ச விரலை விடாதடி, இன்னும் கொஞ்சம், இந்தா வந்துருச்சு. கேட் திறந்து கிடக்கு. அட, திறந்து கிடக்கு! ஒரு சைக்கிள்கூட நிக்கல. கேட்கீப்பர் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாயைக் கொப்புளிக்கிறான். தண்டவாளத்துல வண்டி தடக் தடக்னு ஏறி இறங்குது, அவ்வளவுதான், முடிஞ்சுது. "யோகம்ணே உங்களுக்கு," சேவியர் குதிக்கிறான், "என் சர்வீஸ்ல இப்படித் திறந்து பார்த்ததே இல்ல." போடா, நீயும் உன் யோகமும்.

புதுக்கோட்டை போயிருச்சு. கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, ஒண்ணும் கண்ணுல நிக்கல. இனி நேர் ரோடு, முக்கால் மணி நேரம். ஏர்போர்ட்ல எடுத்துக்கலாம்னா அங்க நிக்க விட மாட்டான், விசில் ஊதிக்கிட்டே வருவான், பெட்டி இறக்கு, ஆளு இறங்கு, போ போம்பான். கேட்டாவது கூட்டாவது, எனக்கென்ன ரயில் வந்தாத்தான் வண்டி நிக்குமா? "சேவியர், ஓரங்கட்டு." "என்னண்ணே?" "ஒண்ணுக்குப் போகணும்." பொய்தான். பஞ்சர் கடை ஒண்ணு பூட்டிக் கிடக்கு, அது முன்னாடி வேப்பமர நிழல். நிறுத்தினான். அமத்தினான். நான் இறங்கல. சுகந்தி என்னைப் பார்க்கிறா, புரிஞ்சு போச்சு அவளுக்கு, மூஞ்சி இளகுது. சிவப்புப் பட்டனை அமுக்கினேன். வார் விட்டுச்சு. ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள கொடுத்துத் தூக்கினேன், என்ன கனம், என்ன சூடு, முதுகெல்லாம் வேர்வை ஈரம், பவுடரும் பாலும் கலந்த வாடை. மடியில வச்சுக்கிட்டேன். என் நெஞ்சுல சாஞ்சா. சாஞ்சுட்டா! அழல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நான் எண்ணறேன், அழல. கையை அவ வயித்தைச் சுத்தி மெல்லக் கோர்த்துக்கிட்டேன். கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு எனக்கு, துடைக்கக் கை இல்ல. சேவியர் நல்லவன், இறங்கிப் போயி டயரை உதைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். இப்படியே இருந்துரலாம், ஃபிளைட்டாவது மண்ணாவது. அப்ப அசையிறா. இடது பக்கம் திரும்புறா. தூக்கம் கண்ணைச் சொருகுது அவளுக்கு, மத்தியானம் தூங்குற நேரம். ரெண்டு கையையும் நீட்டுறா, சுகந்தி பக்கம் இல்ல, என் பக்கம் இல்ல, சீட்டு பக்கம். ம்ம், ம்ம்ங்கிறா. இருடி, இன்னும் கொஞ்சம் இருடி செல்லம். விறைக்கிறா, முதுகை வில்லா வளைக்கிறா, என் கையைப் பிரிச்சு விடுறா, அந்தப் பிஞ்சு விரலுக்கு என்ன பலம், அழ ஆரம்பிச்சுட்டா. "அவ இடத்தைக் கேக்குறாங்க," சுகந்தி சிரிச்சுட்டா. சிரிச்சவ என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிறுத்திட்டா. என் மடி அவளுக்குத் தெரியல. நான் கொண்டாந்த சீட்டைத் தெரியுது.

சரி, போ. திரும்பிக் குனிஞ்சு, மறுபடி அதுல வச்சேன். அழுகை டக்னு நின்னுச்சு. வாரை எடுத்தேன், விரல் சொன்ன பேச்சைக் கேக்கல, நாலு வருஷம் பழகின விரல், ஓட்டை தெரியாம தடவுது. "தள்ளுங்க," சுகந்தி. அவ கதவு வழியா இறங்கி, என்னையும் அந்தப் பக்கமே வெளிய இழுத்துட்டு, உள்ள ஏறிக் குனியிறா. "இது மேல, இது கீழ. இப்படித்தானே?" அப்படித்தான். சஷ்டிகா தானாவே ஒவ்வொரு கையா வாருக்குள்ள விட்டுக் கொடுக்கிறா, ரவிக்கைக்குக் கை கொடுக்கிற மாதிரி. க்ளிக். நாப்பது நாள் கெஞ்சியும் செய்யாதவ, சொல்லாமலே செய்யிறா, இழுத்து இறுக்கிப் பார்க்கிறா, கழுத்துப் பக்கம் மடிஞ்சிருந்த வாரை நிமித்தி விடுறா. அப்படியே சீட்டுக்குப் பக்கத்துலயே, நான் இருந்த நடு இடத்துல உக்காந்துக்கிட்டா. "நீங்க முன்னாடி உக்காருங்க. திரும்பி வர்றப்ப நான் தனியாத்தானே பார்த்துக்கணும், இப்பவே பழகிக்கிறேன்." இதுக்குத்தானே நாப்பது நாள் கத்தினேன். கிடைச்சுருச்சு. முன்கதவைத் திறந்து ஏறினேன், பெல்ட்டைப் போட்டேன், சேவியர் ஒண்ணும் கேக்காம வண்டியை எடுத்தான், அம்பதுலயே போறான். திரும்பிப் பார்க்கிறேன். அவ பின்னாடி பார்த்து உக்காந்திருக்கா, இங்கேருந்து மூஞ்சி தெரியாது, தலைகூடத் தெரியாது, கறுப்பு பிளாஸ்டிக்தான். சுகந்தி குனிஞ்சு அவகிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கா, காதுல விழல. "என்ன பண்றா?"ன்னு கேக்குறேன். குவைத்துலேருந்து தினமும் போன்ல கேக்கப் போறதை இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டேன். "தூங்கிட்டாங்க," சொல்றா சுகந்தி.